ஸ்மார்ட் டிவியிலேயே ஆப்கள் இருக்கும்போது தனியாக ஸ்ட்ரீமிங் ஸ்டிக் (டிவியில் செருகி ஆப்களை ஓட்டும் சிறு கருவி) வாங்க வேண்டுமா?

நீங்கள் பார்க்கும் ஆப்கள் தடங்கலின்றி ஓடி, அப்டேட்டும் வந்துகொண்டிருந்தால் வேண்டாம். ஆனால் நாளடைவில், பேனல் (திரை) நன்றாக இருக்கும்போதே உள்ளிருக்கும் பிராசஸர் திணறத் தொடங்கிவிடலாம். அப்போது முதலில் பயன்படுத்தாத ஆப்களை நீக்கிப் பாருங்கள். சேமிப்பிடம் நிரம்பினாலும் டிவி மந்தமாகும். அப்படியும் சரியாகாவிட்டால் ஸ்டிக் வாங்குங்கள், டிவியை மாற்றாதீர்கள்.

ஸ்டிக்குக்கு மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து எடுக்க வேண்டாம். யுஎஸ்பி 2.0 தரநிலைப்படி கிடைப்பது 0.5 ஆம்பியர்தான், பல ஸ்டிக்குகளுக்கு 1 ஆம்பியர் வேண்டும். படத்தின் நடுவே ஸ்டிக் தானாக ரீஸ்டார்ட் ஆனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கூடவே வந்த அடாப்டரையே போடுங்கள்.

4கே ஸ்டிக் என்றால் எச்டிசிபி 2.2 (படத்தை நகலெடுக்க விடாத பாதுகாப்பு முறை) உள்ள எச்டிஎம்ஐ போர்ட் அவசியம். அது இல்லாத பழைய போர்ட்டில் பாதுகாக்கப்பட்ட 4கே படம் வராது. டிவியின் பின்புறம் வைஃபை சிக்னல் குறைந்தால், சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு கேபிள் போட்டு ஸ்டிக்கை வெளியே தள்ளி வையுங்கள்.