ஐஸ் சாயம் வெளிறிப்போனது ஆப்ப சோடாவால்தான்

வெள்ளைக் காட்டன் குர்தாவை ஆப்ப சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, ஐஸ் பரப்பி, மேலே ப்ரோசியான் என்ற பருத்திச் சாயத் தூளைத் தூவி, ஐஸ் உருகியதும் அலசினேன், நிறமெல்லாம் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது.

சோடாதான் முதல் காரணம். இந்தச் சாயம் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ள நல்ல காரம் வேண்டும். ஆப்ப சோடாவின் காரம் இந்தக் குளிருக்குப் போதாது. அதைவிடக் காரம் கூடிய சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட் தூள்) வாங்குங்கள். லிட்டருக்கு 50 கிராம் கரைத்து, 20 நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். கடையில் அதற்குப் பதில் கண்ணாடிக் கல் மாதிரி வாஷிங் சோடா கொடுத்தால், அதுவும் அதே பொருள்தான், ஆனால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்; இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் கூடவே போடுங்கள். கையுறை கட்டாயம், தூள் தூவும்போது முகக்கவசமும்.

அப்புறம், அவசரம். ஐஸ் உருகும்வரை துணி சில்லென்று இருப்பதால் சாயம் மெதுவாகத்தான் பிடிக்கும். உருகிய பிறகும் பிளாஸ்டிக்கால் மூடி, மொத்தம் 24 மணி நேரம் விடுங்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சுடுநீரில் சோப்புப் போடுங்கள்.

புதுத் துணி என்றால் கஞ்சி போகத் துவைத்தீர்களா? தையல் நூல் மட்டும் வெள்ளையாக நின்றால் கவலைப்படாதீர்கள், அது பாலியஸ்டர் நூல்.

சரி, அந்தக் குர்தாவைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிறிய நிறத்தின் மேலேயே மறுபடி சாயமிடலாம். கறுப்புத் தூள் கொஞ்சம் தூவிப் பாருங்கள். பல சாயங்களின் கலவை அது, ஐஸ் உருக உருக ஊதாவும் நீலமுமாகப் பிரிந்து ஓடுவது அவ்வளவு அழகு.