சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும்?

அம்மா, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த உங்கள் மகனுக்கு இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று எண்ணூர் பக்கம் பெரிய ஆலை. இன்னொன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் மெஷின்) பட்டறை. எதற்கு அனுப்பலாம் என்று கேட்கிறீர்கள், உங்களுக்கு எண்ணூர்தான் பிடித்திருக்கிறது. கம்பெனி பஸ், கேன்டீன், யூனிஃபார்ம், நாளைக்குப் பெண் பார்க்கப் போனால் சொல்லிக்கொள்ள ஒரு பெயர். இதையெல்லாம் அற்பம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "கான்ட்ராக்டர் மூலமா எடுக்கிறாங்களாம்." முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளின் கேட்டுக்குள் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கம்பெனியின் ஆட்கள் இல்லை. சிலர் சொந்த ரோலில், அதாவது கம்பெனியின் சம்பளப் பட்டியலிலேயே இருப்பார்கள், சிலர் ஒப்பந்தக்காரர் ரோலில், சிலர் அப்ரன்டிஸ், அதாவது பயிற்சியாளர். உங்கள் மகனை ஆலையே அப்ரன்டிஸாக எடுத்தால் தாராளமாக அனுப்புங்கள். டிப்ளமோ பையனுக்கு அது ஒரு வருடப் பயிற்சி. உதவித்தொகை உண்டு, முடிவில் சான்றிதழும் உண்டு. 1961 அப்ரன்டிஸ் சட்டப்படி, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் மட்டும் கிடையாது. ஒப்பந்தக்காரர் ரோல் என்றால் கதை வேறு. அனுபவக் கடிதத்தில் ஆலையின் பெயர் வராது, கான்ட்ராக்ட் கைமாறினால் வேலையும் ஆட்டம் காணும். டிப்ளமோ படித்தவனை மெஷின் பக்கமே விடாமல் லோடிங், பேக்கிங் என்று ஓட்டுகிற இடங்களும் இருக்கின்றன.

சரி, பட்டறைக்கு வருவோம். பன்னிரண்டு பேர் இருக்கிற இடத்தில் "இது என் வேலை இல்லை" என்று யாரும் ஒதுங்க முடியாது. டிராயிங் படிப்பது, டூல் மாற்றுவது, மைக்ரோமீட்டர் வைத்து அளப்பது என்று எல்லாம் கைக்கு வரும். ஆபரேட்டராகச் சேர்ந்தவன், முதலாளி சொல்லிக்கொடுக்கிறவராக இருந்தால், மெஷினை ஒவ்வொரு வேலைக்கும் தயார் செய்கிற செட்டிங், புரோகிராம் வரை போய்விடலாம். செட்டிங் தெரிந்தவனுக்கு எந்த எஸ்டேட்டிலும் மதிப்பு இருக்கிறது. பெரிய ஆலையில் ஒரே ஸ்டேஷனில் ஒரே வேலையை வருடக்கணக்கில் செய்கிறவனுக்கு இது சுலபத்தில் கிடைக்காது.

பட்டறையிலும் கண்ணை மூடிக்கொண்டு சேரக் கூடாது. பிஎஃப் கட்டாயமாவது 20 பேரிலிருந்துதான். அதனால் அங்கே பிஎஃப் இல்லாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, அப்படியில்லை. 10 பேர் இருந்தாலே வந்துவிடும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை. அவன் சம்பளத்தை நம்பி நீங்களும் இருந்தால், அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் அந்த அட்டை செல்லும். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி" என்று முதலாளி இழுத்தால் அந்த இடம் வேண்டாம். இன்னொன்று, எத்தனை கம்பெனிக்கு ஜாப் ஒர்க் (ஆர்டர் எடுத்துச் செய்து கொடுக்கும் வேலை) செய்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு கம்பெனியை நம்பி ஓடுகிற பட்டறையில், அங்கே ஆர்டர் குறைந்த மாதம் இங்கே சம்பளம் தள்ளிப்போகும்.

பெரிய கம்பெனியை மூட மாட்டார்கள் என்கிறாராம் உங்கள் வீட்டுக்காரர். பெரம்பூர் பின்னி மில்லை 1996ல் மூடினார்கள். அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் வடசென்னையில் இன்னும் இருக்கின்றன, அவரே விசாரித்துப் பார்க்கட்டும்.

போக்குவரத்து பெரிய விஷயமில்லை. நீங்கள் இருக்கும் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூருக்கு ஒரே ரயில், அம்பத்தூருக்கு பேசின் பிரிட்ஜில் மாற வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், எண்ணூர் வேலை ஒப்பந்தக்காரர் ரோலில்தான் என்றால் நான் பட்டறைக்கே ஓட்டுப் போடுவேன், இஎஸ்ஐ இருந்தால். முடிவு சொல்வதற்கு முன் பையன் அரை நாள் பட்டறைக்குப் போய், மெஷின் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வரட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம்.