தொடை இடுக்குத் தடிப்பு களிம்பு பூசியும் ஏன் திரும்ப வருகிறது?

சித்திரை வெயிலில் மதுரையில் நாள் முழுவதும் பைக்கில் அலைபவருக்குத் தொடை இடுக்கில் தோன்றிய அரிப்பும் தடிப்பும், மருந்துக்கடைக் களிம்பில் அடங்கிய பின் மீண்டும் வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். விளிம்பு சிவந்து, நடுப்பகுதி தெளிந்து, வளையமாகப் பரவுமானால் அது பெரும்பாலும் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றே. வியர்வை ஈரம் அதற்கு உரம்.

சிக்கல் களிம்பில்தான் இருக்கக்கூடும். கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் குளோபீட்டசால் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டு (அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாத மருந்து) கலந்திருப்பதால், அரிப்பு சில நாட்களிலேயே அடங்கிவிடுகிறது. பூஞ்சையோ சாகாமல் பரவுகிறது, அந்த இடத்தின் மெல்லிய தோல் மேலும் மெலிந்து வரிக்கோடுகள் விழுகின்றன. ஆகவே முதலில் குழாயின் மேல் அச்சிட்ட சேர்மானத்தைப் படியுங்கள். ஸ்டீராய்டு இல்லாத, பூஞ்சையை அழிக்கும் குளோட்ரிமசோல் 1% களிம்பை, தடிப்பின் விளிம்பைச் சற்றுத் தாண்டி, நாளைக்கு இருமுறை, பொதுவாக 2 முதல் 4 வாரம் வரை, அரிப்பு நின்றுவிட்டதே என்று பாதியில் விடாமல் பூச வேண்டும்.

குளித்தபின் ஈரம் போகத் துடைத்து, தளர்வான பருத்தி உள்ளாடையை அணியுங்கள். துண்டைப் பகிர வேண்டாம், துணிகளை வெயிலில் நன்கு காயவையுங்கள் (நம் ஊர் வெயில் இதற்காவது பயன்படட்டும்). கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதற்கும் சேர்த்தே மருந்திட வேண்டும், இல்லையேல் அங்கிருந்து மீண்டும் தொற்றும்.

ஆண்குறியின் முன்தோலில் வெடிப்போ வெண்படலமோ அடிக்கடி வந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். புண், சீழ், காய்ச்சல் கண்டாலோ, இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ கூச்சப்படாமல் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள்.