ரெஃபரன்ஸ் புக்குனா என்ன, லைப்ரரியில ஏன் வீட்டுக்குத் தர மாட்டேங்கிறாங்க?

முழுசா படிக்கிறதுக்கு இல்லாம, வேணுங்கிற ஒரு விஷயத்தை மட்டும் புரட்டிப் பாக்குறதுக்குன்னே, பெரும்பாலும் அகரவரிசையில போட்ட புக்கு. ஒருத்தர் அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வச்சா அடுத்தவருக்கு உடனே வேணும், அதான் வெளிய விடுறதில்ல.

உதாரணத்துக்கு, மேற்கத்திய இசைனா க்ரோவ் அகராதி, 2001 பதிப்பு மட்டும் 29 தொகுதி (தூக்கிட்டுப் போகவும் முடியாது!). நம்ம புராணம், இலக்கியம்னா 1910-ல வந்த அபிதான சிந்தாமணி. க்ரோவ்ல கட்டுரையை விட எனக்குப் புடிச்சது கடைசியில வர்ற நூல் பட்டியல்தான், அடுத்து எதைத் தேடணும்னு அங்கதான் தெரியும். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் மாதிரி, ஊருக்குக் கூட்டிட்டுப் போக மாட்டார், ஆனா எந்த பஸ்ஸுனு கரெக்டா சொல்லுவார்.

ரெஃபரன்ஸ் புக்குல போட்டிருந்தா அதுவே முடிவுனு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, புதுசா தெரிய வந்ததைச் சேர்க்கவும் தப்பைத் திருத்தவும்தானே அடுத்தடுத்த பதிப்பு போடுறாங்க.