எரிபொருள் சிந்திய இடத்தில் தொழிற்சாலைச் சாம்பல் உதவுமா? கேள்வி பதில்

கேள்வி (பணிமனை மேற்பார்வையாளர்): ஐயா, அனல்மின் நிலையச் சாம்பலை அப்படியே டீசல் மீது தூவினால் போதாதா?

பதில்: போதாது. அச்சாம்பலின் துகள்களில் பெரும்பாலானவை வழுவழுப்பான கண்ணாடி உருண்டைகள் என்பதால், எண்ணெய் தங்குவதற்கு அவற்றில் இடம் குறைவு. அதே சாம்பலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் இட்டு, 100 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் பல மணி நேரம் வைத்திருந்தால், அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, நுண்துளைகள் நிறைந்த கனிமமான ஜியோலைட்டின் படிகங்களாக மறுபிறவி எடுக்கின்றன; பரப்பளவு பன்மடங்கு பெருகுகிறது. மேலும், இந்த ஜியோலைட்டின் பொடியை விடக் குருணையே தரைக்கு ஏற்றது. பொடி காற்றில் பறந்து நுரையீரலைக் கெடுக்கும். தூவியபின் விறைப்பான துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். குருணை முழுவதும் கறுத்து ஈரமாகிவிட்டால் அதை அள்ளிவிட்டுப் புதிதாகத் தூவ வேண்டும்.

கேள்வி (வேதியியல் மாணவி): ஜியோலைட்டின் துளைகள் மிக நுண்ணியவை ஆயிற்றே, டீசல் அவற்றுள் எப்படி நுழையும்?

பதில்: நல்ல கேள்வி அம்மா. அத்துளைகளின் விட்டம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு என்பதால், டீசலின் பெரும்பகுதி அங்கே தங்குவதில்லை. படிகங்களுக்கு இடையே உள்ள பெரிய துளைகளிலும் துகள்களின் இடுக்குகளிலுமே அது நுண்புழை ஈர்ப்பால், அதாவது திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, நிற்கிறது. ஆகவே மொத்தப் பரப்பளவை மட்டும் காட்டி விற்கப்படும் பொருளை நம்பி வாங்குவது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி (மீன்பிடித் துறைமுகப் பணியாளர்): நீரின் மேல் மிதக்கும் டீசலுக்கு இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: சாதாரணக் கனிமத் துகள் நீரையே முதலில் குடித்து, மூழ்கிவிடும்; அதனோடு எண்ணெயும் அடியில் படிந்து, எடுக்கவே முடியாமற்போகும். சாம்பலில் உள்ள உள்ளீடற்ற உருண்டைகள் மிதக்கக்கூடியவை. அவற்றின் மேற்பரப்பை நீர் ஒட்டாதபடி ஸ்டியரிக் அமிலம் போன்றவற்றால் பூசினால் பயன்படும். அப்போதும் மிதவைத் தடுப்பு கட்டி, பின்னர் முழுவதையும் அள்ளியெடுக்க வேண்டும்.

கேள்வி (எரிபொருள் நிலைய ஊழியர்): மரத்தூளைப் போல இது தீப்பிடிக்காது அல்லவா?

பதில்: கனிமம் எரியாது, அது பிடித்து வைத்திருக்கும் பெட்ரோல் எரியும். பெட்ரோலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் அதன் ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 40 டிகிரி செல்சியசை ஒட்டியது. குருணைகளின் மேல் பரவியபின்னும் ஆவி எழுந்துகொண்டேயிருக்கும் என்பதால், பொறி எழக்கூடிய அனைத்தையும் முதலில் அணைத்துவிட்டு, பொறி தட்டாத கருவியால் அள்ளுங்கள்.

கேள்வி (நகராட்சிப் பொறியாளர்): கழிவிலிருந்து செய்த பொருள் என்பதால் நச்சு ஏதேனும் கசியுமா?

பதில்: கசியக்கூடும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், செலினியம், குரோமியம் சிறு அளவில் உண்டு. சரியாகக் கழுவப்படாத ஜியோலைட்டில் காரமும் எஞ்சியிருக்கும். வாங்குமுன் நீரில் கசிவுச் சோதனை செய்த அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். பயன்படுத்திய குருணையை மூடியுள்ள உலோகப் பீப்பாயில் அடைத்து, அபாயகரக் கழிவாகவே ஒப்படையுங்கள்; பள்ளம் நிரப்ப அதைக் கொட்டினால், மழைநீர் எண்ணெயை மறுபடி வெளியே கொண்டுவந்துவிடும்.