கூட்டம் நிரம்பி வழிந்தும் நஷ்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ ஆர்டர் இசைக்குழு பற்றிய கட்டுரையில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ஹசியெண்டா என்ற இரவு நடன கிளப் ‘கூட்டம் நிரம்பி வழிந்த காலத்தில்தான் நஷ்டத்தில் மூழ்கியது’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அது எப்படி?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

நஷ்டம் முதலிலிருந்தே இருந்தது. 1982 மே மாதம், படகு விற்பனைக் கூடமாக இருந்த கட்டடத்தில் கிளப்பைத் திறந்தார்கள். பணம் போட்டது ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனமும் நியூ ஆர்டர் குழுவும். வடிவமைத்தவர் பென் கெல்லி. நடனத் தளத்தின் இரும்புத் தூண்களில், தொழிற்சாலைகளில் அபாயத்தைக் காட்டப் பூசும் கறுப்பு மஞ்சள் பட்டைகளைப் பூசினார். பார்க்க அழகுதான். ஆனால் ஆரம்ப வருடங்களில் அந்தப் பெரிய கூடம் பல இரவுகளில் காலியாகவே கிடந்தது. 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக மடோனா அங்கே வந்து பாடினார். வந்திருந்தவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பார்கள்.

மைக் பிக்கரிங் போன்ற டிஜேக்கள் சிகாகோவின் ‘ஹவுஸ்’ என்ற மின்னணு நடன இசையைப் போடத் தொடங்கிய பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. 1988 வாக்கில் வாசலில் நீண்ட வரிசை. நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான். இரவு விடுதி பிழைப்பது பெரும்பாலும் பாரில் விற்கும் மதுவால். எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரை போட்டுக்கொண்டு விடிய விடிய ஆடுகிறவனுக்கு மது வேண்டாம், தண்ணீர் போதும். காசு மாத்திரை விற்பவனுக்குப் போயிற்று. கல்யாணப் பந்திச் செலவு நம்முடையது, மொய்ப் பணம் அடுத்தவன் பையில் என்றால் எப்படி இருக்கும்?

மாத்திரை வியாபாரத்தோடு ரவுடிக் கும்பல்களும் வந்தன. 1989இல் மாத்திரை உட்கொண்ட ஒரு பதின்வயதுப் பெண் இறந்தாள். வன்முறைக்கு அஞ்சி 1991 ஜனவரியில் நிர்வாகமே கிளப்பை மூடியது. சில மாதங்களில் மீண்டும் திறந்தபோது வாசலில் உலோகம் கண்டறியும் கருவி நின்றது. பாதுகாப்புக்கு ஆகும் செலவும் தலையில் ஏறியது. 1992இல் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் திவாலானது. கிளப் 1997 வரை தள்ளாடியது.

இதை ‘மகத்தான தோல்வி’ என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 12 அங்குல இசைத்தட்டுகளிலேயே மிக அதிகம் விற்றது என்று பெயரெடுத்த ‘ப்ளூ மண்டே’ பாடல் நியூ ஆர்டருடையது. அப்படிச் சம்பாதித்த பணத்தைத்தான் கிளப் வருடக்கணக்கில் விழுங்கியது. ஃபேக்டரி நிறுவனத்தின் முகமாக இருந்த டோனி வில்சன் பேச்சில் வல்லவர், தொலைக்காட்சிக்காரர். ஊருக்குப் பெருமை தேடித் தந்தவர் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் கணக்குப் புத்தகத்தை யாராவது ஒருவர் ஒழுங்காகப் பார்த்திருக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்