நெல்லை வெயிலில் கம்ப்யூட்டருக்கு கஸ்டம் வாட்டர் கூலிங் போடலாமா? எங்கிருந்து திட்டமிடுவது?

போடலாம். ஆனால் "ஏசி இல்லாத அறை, பிராசசர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். தண்ணீர் சூட்டைத் தின்றுவிடுவதில்லை. பிராசசரிடம் வாங்கி, ரேடியேட்டர் வழியாக அறைக் காற்றிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காற்றைவிடக் குளிர அதற்கு வழியே இல்லை. பாளையங்கோட்டையில் என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. கத்திரி வெயிலில் மதியம் 37 டிகிரி காட்டும். தண்ணீர் சுற்றிவரும் பாதையை லூப் என்பார்கள். நல்ல லூப்பிலும் வேலை ஓடும்போது தண்ணீர் அதற்கு மேல் பத்து டிகிரி ஏறும். அப்போ 47. பிராசசர் அதற்கும் நிறைய மேலேதானே நிற்கும், 60-க்குள் எப்படி அடங்கும்?

அதனால் கணக்கை ரேடியேட்டரில் தொடங்குங்கள். நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். என் பிராசசர் 150 வாட், கிராஃபிக்ஸ் கார்டு 300. ஒரு 120 மி.மீ. ஃபேன் அளவு ரேடியேட்டர் தோராயமாக 100 வாட்டைச் சமாளிக்கும் என்று வைத்துக்கொண்டு, மூன்று ஃபேன் நீளமுள்ள 360 மி.மீ. ஒன்றும், இரண்டு ஃபேன் நீளமுள்ள 240 மி.மீ. ஒன்றும் போட்டேன். ஃபேன் இரைச்சல் பரவாயில்லை என்றால் இதைக் குறைக்கலாம். ரேடியேட்டர் 30 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., ஆக 55 மி.மீ. இடம் கேபினெட்டில் இருக்கிறதா என்று ஸ்கேலை வைத்து அளந்த பிறகு காசை எடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் வரும் புழுதி ரேடியேட்டர் இடுக்கில்தான் போய் உட்காரும். கழற்றி ஊதுவதற்குத் தோதாக வையுங்கள்.

தண்ணீர் முதலில் போவது பிராசசருக்கா, கார்டுக்கா என்று வரிசைக்காக மண்டையை உடைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் தண்ணீரில் 300 வாட் சேர்ந்தால் ஒரு டிகிரிதான் கூடும். டியூப் எப்படிச் சுருக்கமாகப் போகுமோ அப்படிப் போடுங்கள். ஒரே விதி, ரிசர்வாயர், அதாவது தண்ணீர்த் தொட்டி, பம்புக்கு மேலே, அதற்கு முன்னால் இருக்க வேண்டும். தோட்டத்தில் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம், காற்று இழுத்தால் மோட்டார் போச்சு. இந்தக் குட்டி பம்புக்கும் உள்ளே ஓடும் தண்ணீர்தான் மசகு. நிரப்பும்போது சில நொடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஊற்றுங்கள்.

நான் பட்ட பாடு ஒன்று உண்டு. விலை குறைவு என்று அலுமினிய ரேடியேட்டர் வாங்கி, பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் தாமிர பிளாக்கோடு சேர்த்துவிட்டேன். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கும். ஆறு மாதத்தில் கூலன்ட் கலங்கி, பிளாக்கின் மெல்லிய பள்ளங்களில் கசடு அடைத்துவிட்டது. தண்ணீரை வெளியேற்ற டிரெயின் வால்வும் வைக்கவில்லை. தம்பியும் நானும் கேபினெட்டை அண்டாவுக்கு மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தை அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார். லூப்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வால்வு வைத்துவிடுங்கள். ரேடியேட்டர் தாமிரமோ பித்தளையோ என்று கேட்டு வாங்குங்கள்.

பெயரிலேயே தாமிரம் இருக்கிறதே என்று தாமிரபரணித் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். குடிக்க அமிர்தம்தான், ஆனால் அதில் உப்புகள் உண்டு. ரெடிமேட் கூலன்ட், இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டரோடு அரிப்பும் பாசியும் தடுக்கும் மருந்து.

டியூப் விஷயத்தில் முதல் தடவைக்கு வளையும் டியூப்பே போதும். கண்ணாடி போன்ற கெட்டி டியூப் அழகு, ஆனால் வளைக்கப் பழகுவதற்குள் பாதி குப்பைக்குப் போகும்.

கடைசியாகக் கசிவுச் சோதனை. மதர்போர்டு, கார்டு எதற்கும் கரண்ட் போகாமல் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) வயர்களை அவற்றிலிருந்து கழற்றி, மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ்-ஐ ஓடவைக்கும் ஜம்பர் பிளக் போட்டு, பம்பை மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். ஒரு நாள் முழுக்க ஓடட்டும். மறுநாள் டிஷ்யூ எல்லாம் காய்ந்தே இருந்தால்தான் மதர்போர்டு வயரைச் சொருக வேண்டும்.